இடம் மாறாத பட்டன்

நல்லசாமியிடம் மொத்தம் எட்டு வார்த்தைகள் இருந்தன. ஸ்ட்ரோக் வந்து பேச்சு போனதிலிருந்து இரண்டு வருடமாக அந்த எட்டை வைத்துக்கொண்டுதான் அவர் குடும்பம் நடத்தினார், தேத்தண்ணி வாங்கிக் குடித்தார், வம்பும் வளர்த்தார். வாய் கிழியப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சலித்துப் பார்த்தால் அவர்களிடமும் எட்டு வார்த்தைக்கு மேல் விஷயம் தேறாது.

அந்த எட்டும் ஒரு கேம் பெட்டிக்குள் இருந்தன. பிள்ளைகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளையாடுகிற சின்னப் பெட்டி. நடுவில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய திரை, இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன், வலது பக்கம் நாலு உருண்டைப் பட்டன், தலைப்பக்கம் ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு. லுக்குட் டவுனில் போனும் கேமும் ரிப்பேர் பண்ணுகிற அவருடைய மச்சினன் குணாளன், உள்ளே இருந்த விளையாட்டையெல்லாம் துடைத்துவிட்டு அதைப் பேச வைத்துக் கொடுத்திருந்தான். குணாளன் யாரோ எவரோ இல்லை. நல்லசாமியின் மனைவி குமுதவல்லிக்கு ஒரே தம்பி. ஆறு வயதில் தாயில்லாமல் லாபு தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு அக்காவோடு வந்து சேர்ந்தவன். நல்லசாமியின் டிராக்டர் மட்காட்டில் உட்கார்ந்தே பள்ளிக்கூடம் போய் வந்தவன்.

கேம் பெட்டிக்கு முன்னால் ஒரு டேப்லட் வந்திருந்தது. அந்தக் கூத்தையும் சொல்லிவிட வேண்டும்.

நல்லசாமிக்கு வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. மிச்சமிருந்த இடது கையிலும் நடுக்கம். கண்ணில் புரை வேறு. இந்த நிலைமையில் இருந்த மனிதருக்கு, சிரம்பானிலிருந்து வந்த ஒரு சங்கத்தார் கோயில் மண்டபத்தில் வைத்து டேப்லட் ஒன்றைக் கொடுத்து, மாலை போட்டு, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். வழவழவென்று ஒரு கண்ணாடிப் பலகை. அதற்குள் நாற்பது படங்கள். சோறு, தண்ணீர், கக்கூஸ், தலைவலி, தாத்தா, பாட்டி. தொட்டால் பேசும் என்றார்கள். பேசத்தான் செய்தது; நிறுத்தத்தான் தெரியவில்லை. நடுங்குகிற விரல் ஒரு படத்தில் போய்ச் சேருவதற்குள் வழியிலுள்ள மூன்றைத் தொட்டுவிடும். தண்ணீர் கேட்கப் போனவருக்குத் தலைவலி, கக்கூஸ், தாத்தா என்று வரிசையாக வந்தது. மூன்றாம் நாள் நல்லசாமி அதை இடது காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குணாளன் மோட்டர் சைக்கிளில் வந்தான். டேப்லட்டைக் குனிந்து எடுத்துத் தூசி துடைத்தான், புரட்டிப் பார்த்தான், சிரித்தான்.

"இது யாரு தப்பும் இல்ல மாமா. டேப்லட்டு கண்ணுக்கு செஞ்ச சாமான். எல்லாருக்கும் எல்லாமா இருக்கணும்னு நெனச்சு செஞ்சிருக்கான், அதான் கைக்குன்னு ஒரு எடமும் வைக்கல. கேம் பொட்டி அப்படி இல்ல லா. அத வரைஞ்சவன் மொதல்ல கட்டவெரல யோசிச்சிருக்கான். மத்ததெல்லாம் பெறகுதான்."

இரண்டு வாரம் கழித்துப் பெட்டியோடு வந்தான். அவர் இடது கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னான். பெட்டியின் முதுகு விரல் மடங்குகிற இடத்தில் புடைத்திருந்தது. பிடிக்க வேண்டிய அவசியமில்லாமல் அதுவே கையில் உட்கார்ந்தது. கட்டைவிரல் தானாகக் கூட்டல் குறியின் மேல் போய் விழுந்தது. நடுவில் ஒரு சின்னப் பள்ளம். அங்கிருந்து மேலே, கீழே, இடது, வலது. விரல் நடுங்கித் தடுமாறினாலும் அந்தப் பள்ளம் திரும்பவும் கூப்பிட்டு உட்கார வைத்தது. அமுக்கினால் உள்ளே போய் அடியில் ஒரு கிளிக். கண்ணாடியில் அது இல்லை. கண்ணாடி, தொட்டோமா இல்லையா என்று கண்ணிடம் கேட்கச் சொல்லும்.

அன்றைக்குக் குணாளன் இன்னொன்றும் சொன்னான். நல்லசாமி அதை மறக்கவே இல்லை.

"டேப்லட்டுல பட்டனே கெடையாது மாமா. பட்டனோட படந்தான் இருக்கு. படத்த எங்க வேணும்னாலும் ஒட்டலாம். நான் நெனச்சா இன்னிக்கு இங்க, நாளைக்கு அங்க. இது பொட்டியிலயே ஊனினது. வார்த்தையெல்லாம் ஒரு கார்டுல ஏத்தி உள்ளயே வச்சு ஒட்டிட்டேன். இனி நானே நெனச்சாலும் பொட்டிய ஒடச்சாத்தான் மாத்த முடியும்."

வார்த்தைகளைப் பொறுக்கியதில்தான் பெரிய ரகளை. கட்டைவிரலுக்கு நாலு திசை. ஆள்காட்டி விரலால் மேலே உள்ள ஓரப் பட்டனைப் பிடித்துக்கொண்டு அதே நாலை அமுக்கினால் வேறு நாலு. ஆக எட்டு. வலது பக்கம் 'சரி', இடது பக்கம் 'வேணாம்', மேலே 'தண்ணி', கீழே 'வலிக்குது'. அதுவரை சண்டையில்லை. ஓரப் பட்டனோடு சேர்த்து 'குமுதா', 'வெளிய', 'இருக்கேன்' என்று மூன்று வந்தபின் எட்டாவதற்குக் குமுதவல்லி 'சாமி' என்றாள். நல்லசாமி தலையை முட்டி முட்டி வேறெதையோ கேட்டார். அரைமணி நேரம் கழித்துத்தான் குணாளனுக்குப் பிடிபட்டது. 'போடா' என்று ஒன்று வேண்டுமாம். டிராக்டரில் ஏற்றிப் போன நாளிலிருந்தே அவர் குணாளனை அப்படித்தான் செல்லம் கொஞ்சியிருக்கிறார். சாமி போய் போடா வந்தது.

குரலுக்கும் வழி தேடினார்கள். நல்லசாமியின் சொந்தக் குரல் எங்கேயும் இல்லை. ஒரே ஒரு கல்யாண வீடியோவில் 'ரசம் இந்தப் பக்கம் வரல' என்று அவர் கத்துவது மட்டும் பதிவாகியிருந்தது. அதை வைத்து என்ன செய்வது? கடைசியில் குணாளன் தன் குரலிலேயே எட்டையும் பதிந்தான். குமுதவல்லி பக்கத்தில் நின்று கேலி பண்ணிக்கொண்டே இருந்ததால், 'வேணாம்' சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு வார்த்தையோடு ஒட்டிக்கொண்டு அப்படியே தங்கிவிட்டது. திரும்பப் பதிகிறேன் என்றான். நல்லசாமி வலது பக்கத்தை அமுக்கிக் காட்டினார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு வருடம் நல்லசாமி மச்சினன் குரலில் வாழ்ந்தார். சக்கர நாற்காலியை இடது காலால் உந்தி உந்தித் தோட்டத்து முனைக் கடை வரைக்கும் தனியாகப் போவார். அங்கே லாரிக்காரர்கள் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு நிற்பார்கள். 'இருக்கேன்' என்று ஒரு அமுக்கு அமுக்கினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். விடிகாலையில் வேலைக்கு ஆளெடுக்கிற பழைய பெரட்டில் பேர் கூப்பிட்டால் சொல்கிற வார்த்தை அது. அந்தக் கடைதான் அவருக்கு உலகம். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

அப்புறம் கம்பெனியின் கடிதம் வந்தது. லயத்தை இடிக்கப் போகிறார்கள். மிச்சமிருந்தது ஐந்தே குடும்பம். அவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, நீலாய் பக்கம் கட்டி முடித்த அடுக்குமாடி வீடு. மூன்றாம் மாடிதான் மிச்சம், லிஃப்ட் உண்டு. இல்லையென்றால் தோட்டத்து ஓரத்திலேயே தரைவீடு. அதற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஐந்து குடும்பமும் சேர்ந்து ஒன்றைச் சொல்ல வேண்டும், எந்தப் பக்கம் ஆள் கூடுதலோ அதுதான் எல்லாருக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

நல்லசாமிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்ற அன்றைக்கு அவர் கைதி. அவரோடு டிராக்டர் ஓட்டிய ஒருவர் சிரம்பானில் அப்படித்தான் எட்டு மாதம் ஜன்னலில் உட்கார்ந்து கார் எண்ணிக்கொண்டிருந்தார். கண்டு வந்தவர் இவர். கடிதத்தைக் குமுதவல்லி படித்து முடிக்கும் முன்பே இடது பக்கத்தை அமுக்கினார். வேணாம். பக்கத்து வீட்டு மணியமும், கோடி வீட்டு ராக்கம்மாவும் தரைவீடு என்றே நின்றார்கள். மற்ற இரண்டு குடும்பத்துக்குப் பிள்ளைகள் நீலாயில் வேலை. அவர்கள் மாடி என்றார்கள். ஆக இரண்டுக்கு இரண்டு. நல்லசாமியின் ஒரு வார்த்தைதான் தராசு முள். மணியம் வந்து அவர் காலருகே குத்தவைத்து, அண்ணே உங்கள நம்பித்தான் இருக்கோம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

குமுதவல்லி ஒன்றும் சொல்லவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். இருபத்து மூன்று வருடமாக எதற்கும் ஒன்றாவது சொல்லாமல் இருந்தவள் இல்லை அவள்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் குணாளன் வந்து கேம் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தான். முகம் மாறியது. பேட்டரி உப்பிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும், மடியில் வைத்துக்கொண்டிருக்கிற சாமானா இது என்றான். கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக் கொண்டுவருவதாகவும், பழைய மாடலுக்குப் பேட்டரி கிடைக்க நாளாகும் என்றும் சொன்னான். அதுவரைக்கும் என்று ஒரு புது டேப்லட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

நல்லசாமி காலை நீட்டினார், கட்டிலுக்கடியில் தள்ளுவதற்கு. குணாளன் சிரித்தான். இது அந்த மாதிரி இல்லை மாமா, உங்களுக்கென்றே சரி பண்ணியிருக்கிறேன் என்று பொறுமையாகக் காட்டினான். நாற்பது படமெல்லாம் இல்லை. திரையைப் பாதியாக வெட்டி இரண்டே கட்டம். இடது பக்கம் சிவப்பு, வேணாம். வலது பக்கம் பச்சை, சரி. பழைய பெட்டியில் இருந்த அதே பக்கம். விரலை ஒரு நொடி ஊன்றினால்தான் பேசும், நடுக்கத்துக்குப் பேசாது. சுற்றிலும் ரப்பர் சட்டம், நாற்காலியில் மாட்டக் கொக்கி. பேசிய குரல் ஏதோ ஒரு பெண்ணின் குரல், செய்தி வாசிக்கிற மாதிரி. 'சரி, சம்மதம்' என்றது. 'வேண்டாம்' என்றது. நல்லசாமிக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. ஆனால் வேலை செய்தது. ஒரு வாரமும் தப்பாமல் செய்தது. இடது பக்கம் ஊன்றினால் வேண்டாம், வலது பக்கம் ஊன்றினால் சரி.

வேறு யார் கொடுத்திருந்தாலும் அவர் வாங்கியிருக்க மாட்டார். குணாளன் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லாரையும் பழைய பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னார்கள். விடிகாலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்தக் களத்தில் பெரட்டு நின்று பல வருடம் ஆகிவிட்டது. கம்பெனி சார்பில் வந்த அதிகாரி கிருபானந்தனின் தாத்தா ஒரு காலத்தில் இதே தோட்டத்தில் ஆபீஸ் கணக்கு எழுதிய பெரிய கிராணி. நல்ல மனிதர், பழையதில் ஆசையுள்ளவர். ஆபீசில் கிடந்த, ஆள் பேர் எழுதிய பழைய செக்ரோல் புத்தகத்தைத் தேடி எடுத்துவந்து, அந்தக் காலத்துப் பெரட்டு மாதிரியே பேர் கூப்பிட்டுக் கேட்போம் என்றார். வந்தவர்கள் கைதட்டினார்கள். பெரட்டில் ஒரு வழக்கம் உண்டு. பேர் ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைதான் ஏட்டில் ஏறும். திருத்தமென்பது கிடையாது. இது அங்கிருந்த எல்லாருக்கும் இரத்தத்தில் ஊறியது.

களத்துக்குப் புறப்படும்போது குணாளன் நாற்காலியிலிருந்து டேப்லட்டைக் கழற்றினான். சார்ஜ் குறைவாக இருக்கிறது, வண்டியில் போட்டு ஏற்றிக் கொண்டுவருகிறேன் என்றான். களத்தில் பேர் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் திரும்ப மாட்டினான்.

செக்ரோலில் டிராக்டர்காரன் பேர் எப்போதும் கடைசி. முதலில் மாடிக்காரர்கள் இருவரும் சரி என்றார்கள். மணியம் வேணாம் என்றான். ராக்கம்மா, எனக்குத் தரையிலதான் கெடக்கணும், மேல வேணாம் என்றாள். கிருபானந்தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நல்லசாமி என்று கூப்பிட்டார். மாடி வீட்டுக்குச் சம்மதமா என்று கேட்டார்.

வெயில் நேராகக் கண்ணாடியில் அடித்தது. நல்லசாமிக்குத் திரை முழுதும் ஒரே வெள்ளை. ஆனால் பார்க்க என்ன இருக்கிறது? இடது பக்கம். இரண்டு வருடமாக அந்த வார்த்தை இருக்கிற பக்கம். விரலை நன்றாக ஊன்றினார்.

"சரி, சம்மதம்," என்றது அந்தப் பெண் குரல்.

கை தவறிவிட்டது என்று நினைத்து இன்னும் இடது ஓரமாக ஊன்றினார். சரி, சம்மதம். இன்னும் பலமாக ஊன்றினார். சரி, சம்மதம். தலையை ஆட்டி மறுக்கப் பார்த்தார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் தலை எந்தப் பக்கம் ஆட்டினாலும் மேலும் கீழுமாகத்தான் விழும். பார்க்கிறவர்களுக்கு ஆமோதிப்பது போலத்தான் தெரியும். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. கிருபானந்தன் சிரித்தபடி ஒரு தடவை போதும் ஐயா, எழுதிவிட்டேன் என்றார். மாடிக்காரர்கள் கைதட்டினார்கள்.

கைநாட்டுக்கு மைப்பெட்டி வந்தது. குணாளன்தான் மாமாவின் கையைப் பிடித்தான். இடது கை இன்னும் கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்ததால், மடியில் செத்துக் கிடந்த வலது கையை எடுத்து, அதன் கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினான். அந்தக் கைக்கு எதையும் மறுக்கத் தெரியாது. நல்லசாமி மச்சினன் முகத்தைப் பார்த்தார். அவன் காகிதத்தைப் பார்த்தான், மையைப் பார்த்தான், அவரை மட்டும் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது கிருபானந்தன் குணாளனிடம் ஒரு கவரைக் கொடுத்துக் கைகுலுக்கினார். மணியம் அதைப் பார்த்துவிட்டு நல்லசாமியிடம் வந்தான். கோபமாக வரவில்லை, கோபமாக வந்திருந்தால் தேவலை.

"மாடிக்குக் கீழ உங்க மச்சானுக்குக் கடை எடம் கொடுக்குறாங்களாம்ணே. அது தெரிஞ்சிருந்தா நான் உங்க காலடியில வந்து உக்காந்திருக்க மாட்டேன்."

அவனுக்குப் பதில் சொல்ல நல்லசாமியிடம் ஒரு வார்த்தை இல்லை. கண்ணாடியைத் தொட்டால் மறுபடி சரி, சம்மதம் என்றுதான் சொல்லும். கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். மணியம் அதைக் குற்ற மனசு என்றே எடுத்துக்கொண்டு போனான். துரோகம் செய்தவன் கவரோடு நிற்கிறான், துரோகி என்ற பெயர் பேச வாயில்லாதவன் தலையில். அநியாயத்துக்கு இப்படியும் ஒரு வடிவம் இருக்கிறது.

குமுதவல்லி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உள்ளே நிழலில் கண்ணாடி தெளிந்தது. நல்லசாமி குனிந்து பார்த்தார். இடது பக்கம் பச்சை. வலது பக்கம் சிவப்பு. மாற்றியவனுக்குத் திரும்ப மாற்றி வைக்கக்கூட நேரமில்லை, கைகுலுக்கப் போய்விட்டான்.

கை தவறவில்லை என்பதில் அவருக்கு ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. அது போனபின்தான் மற்றது வந்தது. படத்த எங்க வேணும்னாலும் ஒட்டலாம். நான் நெனச்சா இன்னிக்கு இங்க, நாளைக்கு அங்க. அவனே சொன்னான், இதே வீட்டில், இதே நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு. தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம். இவனுக்கு எல்லாம் தெரியும். மாமாவின் விரல் எங்கே போகும், எங்கே போகாது, வெயிலில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அந்தத் தெரிதல் முழுவதையும் எடுத்து அவருக்கு எதிராகவே உபயோகித்துவிட்டான். அழுகை வந்தது, வலது கண்ணில் அழுகை வராது, இடது கண்ணால் மட்டும் அழுதார்.

மதியம் அவர் சாப்பிடவில்லை. வாயருகே கொண்டுவந்த சோற்றுக்கு உதட்டைத் திறக்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. குமுதவல்லி மூன்று தடவை வந்து பார்த்தாள். நாலு மணிக்குத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அரிசி டின்னின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கையில் கேம் பெட்டி இருந்தது. மேலெல்லாம் அரிசி மாவு. முந்தானையால் துடைத்து அவர் இடது கையில் வைத்தாள். திரை உடனே எரிந்தது. பேட்டரி உப்பவுமில்லை, ஒன்றுமில்லை.

நல்லசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கடைக்குப் போகல. நான்தான் எடுத்து வச்சேன்," என்றாள் குமுதவல்லி. "தம்பி டேப்லட்டுல பக்கத்த மாத்தி வைக்கிறேன்னு சொன்னான். நான் சரின்னேன். ரெண்டு வருஷமா உங்கள தூக்கித் தூக்கி எனக்கு முதுகு போச்சு. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ போய்வர ஒரு நாள் ஆவுது. இங்க எனக்கு ஒரு ஆளு தொணை இல்ல. மாடியில தம்பி கீழயே இருப்பான். உங்கள கேட்டா வேணாம்னுதான் அமுக்குவீங்க. எனக்கும் ஒரு வார்த்த இருக்குதான்னு நீங்க ஒரு நாளு கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லைதான். அது நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்க அவள் அவருடைய வாயை அரிசி டின்னுக்குள் போட்டு மூடியிருக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் அவள் அந்த டின்னில் கைவிட்டு அரிசி எடுத்து, உலை வைத்து, அவருக்கு ஊட்டியிருக்கிறாள். ஒவ்வொரு வேளையும் அவள் விரலில் பெட்டி இடித்திருக்கும்.

ஐந்து மணிக்குக் குணாளனின் மோட்டர் சத்தம் கேட்டது. கையில் ரொட்டி சானாய் பொட்டலம். ஒன்றும் நடக்காதவன் போல வாசல் ஏறியவன், மாமாவின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் அக்காவைப் பார்த்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குணாளன் பொட்டலத்தை வைத்துவிட்டு நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டான், பழைய இடத்திலேயே. கடை வாடகை கட்டி மாளவில்லை, அக்கா முதுகைப் பார்க்கச் சகிக்கவில்லை, மாடியில் எல்லாருக்கும் நல்லதுதான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லி முடிந்த பிறகும் மாமாவின் கட்டைவிரல் அசையவில்லை. கடைசியில் அவனே கெஞ்சினான்.

"திட்டுங்க மாமா. அந்தப் பட்டன அமுக்குங்க. போடான்னு ஒரு தடவ சொல்லிடுங்க."

ஆள்காட்டி விரல் ஓரப் பட்டன் வரைக்கும் போனது. பிறகு திரும்பியது. அந்த வார்த்தை பாசத்துக்காகச் சாமியையே தள்ளிவிட்டு வைத்த வார்த்தை. அதை இவனுக்குக் கொடுக்க நல்லசாமிக்கு மனம் வரவில்லை. கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்தார். பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லை. இடது பக்கம். அமுக்கினார். அடியில் கிளிக் என்றது.

"வேணாம்," என்றது பெட்டி, குணாளனின் குரலில். இரண்டு வருடத்துக்கு முந்திய சிரிப்பு அதில் அப்படியே இருந்தது.

குணாளன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ரொட்டி சூடாக இருக்கிறது, கொஞ்சம் பிய்த்துத் தரட்டுமா என்று கேட்டான். வேணாம். நாளைக்கே ஆபீசில் போய்ப் பேசித் தரையில் ஒரு வீடு கேட்டுப் பார்க்கிறேன் என்றான். ஏறிய கைநாட்டு இறங்காது என்று இருவருக்கும் தெரியும். வேணாம். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டான், குரல் உடைந்து. வேணாம், என்றது அதே குரல் உடையாமல், சிரித்துக்கொண்டே. தன் குரலுக்கே பதில் சொல்ல முடியாமல் அவன் எழுந்து செருப்பை மாட்டினான். மோட்டர் சத்தம் முனைக் கடை தாண்டி மறைகிற வரைக்கும் நல்லசாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

குமுதவல்லி வந்து எதிரில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்னையும் சொல்லிடுங்க," என்றாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் கேட்டுக்குறேன்."

கட்டைவிரல் இடது பக்கத்திலேயேதான் இருந்தது. கொஞ்சம் அழுத்தினால் போதும். காலையிலிருந்து அவர் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. தொண்டை காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கை மடியில் கிடந்தது, கட்டைவிரலில் மை அழியாமல். அடுப்படி பத்தடி தூரம். நடுவில் ஒரு படி.

நல்லசாமி கட்டைவிரலை மேலே நகர்த்தி அமுக்கினார்.

"தண்ணி," என்றது பெட்டி.

அவள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். மோவாயைப் பிடித்து நிமிர்த்தித் தம்ளரை உதட்டில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்; அந்த வீட்டில் கொடுக்க வேறு கை இல்லை.